ஒரே ஒரு சீசன்

“இனி இளம் வீரர்களை வைத்து அணி கட்டுகிறோம். உங்கள் பங்களிப்புக்கு நன்றி.” வாட்ஸ்அப்பில் வந்தது அவ்வளவுதான். அனுப்பிய தம்பி கிளப் அலுவலகத்துக்குப் புதுசு. நான் ஆடி அவர் ஒரு ஆட்டம் பார்த்திருப்பாரா என்பதே சந்தேகம். என்னைப் பற்றி அவர் கையில் இருந்தது ஒரு எண்: 31. அதை வைத்துக் கணக்கை முடித்துவிட்டார்.

சரி, வயதைப் பற்றியே பேசுவோம். நானும் பேசத்தான் காத்திருக்கிறேன்.

நான் ஸ்டாப்பர். கோல்கீப்பருக்கு முன்னால் நிற்கிற கடைசி ஆள். ஃபார்வர்டு பத்துப் பந்தை வீணாக்கிவிட்டு ஒன்றை உள்ளே தள்ளினால் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றுவார்கள். நாங்கள் தொண்ணூறு நிமிடமும் சரியாக நின்று ஒரே ஒரு தரம் அசந்தால், மறுநாள் ஊர் பூராவும் சுற்றுகிற வீடியோ அந்த ஒரு தரம்தான். எதிராளி பந்தை வாங்குவதற்கு முன்பே அவன் இடுப்பு எந்தப் பக்கம் திரும்புகிறது, பாஸ் கொடுக்கிறவன் தலையை எப்போது குனிகிறான், பக்கத்து ஸ்டாப்பர் மேலே ஏறும்போது நான் எத்தனை அடி பின்னால் விழ வேண்டும், எந்த கார்னருக்கு ஆளைப் பிடிக்க வேண்டும், எதற்கு இடத்தைப் பிடிக்க வேண்டும்... இதெல்லாம் அகாடமியில் மஞ்சள் கூம்பு வைத்துச் சொல்லிக்கொடுத்து வருகிற வித்தை இல்லை. ஏமாந்து, கோல் வாங்கி, சட்டைக்காலரைப் பிடித்துக் கேப்டன் திட்டி, வருஷக்கணக்கில் ஊறி வர வேண்டியது. இத்தாலி ஸ்டாப்பர் கன்னவாரோ உலகின் சிறந்த ஆட்டக்காரருக்கான பாலோன் தோர் விருதை 2006இல் வாங்கும்போது அவருக்கு 33 வயது. மால்தினி 2007இல் ஏதென்ஸில் சாம்பியன்ஸ் லீக் கோப்பையைத் தூக்கியபோது 38. 2024 யூரோவில் போர்ச்சுகலுக்காக பெப்பே நின்றபோது 41. அந்த ஊர்களில் யாரும் அவர்களுக்கு நன்றி சொல்லி வாட்ஸ்அப் அனுப்பவில்லை.

நான் அவர்கள் இல்லை. அது எனக்குத் தெரியும். அவர்கள் இருபதுக்கு முன்பே தொடங்கி நாற்பதை ஒட்டி ஆடினார்கள். எனக்கு முதல்தர லீகில் முதல் சீசனே 29 முடிந்துதான் வந்தது. ஏன் அவ்வளவு தாமதம் என்று இதுவரை ஒரு ஆள் கேட்டதில்லை. லேட் என்று மட்டும் எழுதிக்கொள்கிறார்கள்.

எங்கள் ஊர் தூத்தூர்ப் பக்கம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம், கேரளா கைக்கெட்டும் தூரம். அங்கே பிள்ளை நடக்கப் பழகும்போதே பந்து காலுக்கு வந்துவிடும். கோயில் திருநாள் என்றால் டோர்னமென்ட், கிறிஸ்துமஸ் என்றால் டோர்னமென்ட். இந்தக் கரையிலிருந்து இந்திய அணிவரை போன பையன்கள் இருக்கிறார்கள், இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜ் மாதிரி. ஆனால் பந்து சோறு போடாது. கடல்தான் போடும். எங்கள் ஆட்கள் கொச்சியிலிருந்து ஆழ்கடலுக்குச் சூரைக்கும் சுறாவுக்கும் போகிறவர்கள். போனால் வாரக்கணக்கு, சில நேரம் மாசக்கணக்கு. ட்ரயல்ஸ் தேதி பார்த்துக் கடல் திரும்பி வராது. பதினேழு வயதில் ஒரு அகாடமி ட்ரயல்ஸுக்குப் போனேன். உயரம் பார்த்தார்கள், ஹெட்டர் பார்த்தார்கள், தலையாட்டினார்கள். பிறகு பிறப்புச் சான்றிதழைப் பார்த்தார்கள். அண்டர்-17க்கு எனக்குச் சில வாரம் கூடிவிட்டதாம். “அடுத்த வயதுப் பிரிவு இங்கே இல்லை” என்றார்கள். வயது என்னைத் துரத்தத் தொடங்கியது அங்கேதான், பதினேழில்!

2017இல் இந்தியாவில் அண்டர்-17 உலகக் கோப்பை நடந்தது. நல்லது. அந்தப் பிள்ளைகளுக்கு வெளிநாட்டுப் பயிற்சி, மருத்துவர், சத்துணவு எல்லாம் கிடைத்தது. கிடைக்கட்டும், எங்கள் பிள்ளைகள்தானே. அக்டோபரில் அது முடிந்தது. நவம்பர் 30 அன்று எங்கள் கரைக்கு ஒக்கி புயல் வந்தது. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை என்று ஊர் ஊராக ஆட்கள் திரும்பவில்லை. என் சித்தப்பாவும் திரும்பவில்லை. அந்த டிசம்பரில் எனக்குச் சென்னையில் ஒரு அணியின் ட்ரயல்ஸ் இருந்தது. உடல் கிடைக்குமா என்று துறைமுகம் துறைமுகமாக அலைந்துகொண்டிருந்தவன் எந்த பூட்ஸை மாட்டிக்கொண்டு போவேன்?

மலப்புறத்தில் செவன்ஸ் ஆடித்தான் வீட்டுக்குக் காசு அனுப்பினேன். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அணிக்கு ஏழு பேர், சின்ன மைதானம், ராத்திரி ஆட்டம், மரத்தில் கட்டிய கேலரி சாய்ந்துவிடுமோ என்று பயப்படுகிற அளவுக்குக் கூட்டம். ஆஃப்சைடு கிடையாது, ஆப்பிரிக்காவிலிருந்து வந்த ஃபார்வர்டுகள் நேராக மேலே ஏறுவார்கள். அவர்களைத் தடுத்துப் பழகியவனை ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) ஃபார்வர்டு பயமுறுத்த முடியாது. “தொழில்முறை ஆட்டக்காரன் அங்கே ஆடக் கூடாது, கால் போய்விடும்” என்று பிற்பாடு எனக்கு வகுப்பெடுத்தார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அன்றைக்கு எனக்கு யார் சம்பளம் கொடுத்தார்கள்?

அப்புறம் சென்னை சீனியர் டிவிஷன். ஒரு அலுவலக அணி. வேலை என்று சொல்ல முடியாது. மாதாமாதம் ஒரு தொகை, “நன்றாக ஆடு, நிரந்தரமாக்குவோம்” என்று ஒரு வார்த்தை. அந்த வார்த்தையை நம்பி வெயிலில் ஆடிய பையன்கள் எத்தனை பேர் என்று கணக்கெடுத்தால் சென்னையில் ஒரு தனி லீக் நடத்தலாம்.

இந்த இடத்தில்தான் ஆறுதல் சொல்கிறவர்கள் வருவார்கள். “டான் பர்னைப் பாருப்பா!” என்பார்கள். பார்த்தேன். என்னைவிட யார் அதிகம் பார்த்திருக்கப் போகிறார்கள்? இங்கிலாந்தின் நியூகாசில் கிளப் பதினோரு வயதில் வேண்டாம் என்று அனுப்பிய பையன், அவரும் ஸ்டாப்பர். ஆஸ்டா சூப்பர் மார்க்கெட்டில் டிராலி தள்ளியவர். அதே நியூகாசிலுக்கு 2022இல் திரும்பி வந்து, 2025 மார்ச் 16 அன்று வெம்ப்லியில் லிவர்பூலுக்கு எதிராகத் தலையால் ஒரு கோல் போட்டு, எழுபது வருஷமாக உள்நாட்டுக் கோப்பை காணாத ஊருக்கு லீக் கோப்பை வாங்கிக் கொடுத்தார். அதே வாரம் 32 வயதில் இங்கிலாந்து அணியில் முதல் ஆட்டம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் அந்தக் கதையில் நீங்கள் சொல்லாமல் விடுகிற பகுதி ஒன்று இருக்கிறது. டார்லிங்டன், ஃபுல்ஹாம், நடுவில் யோவில், பர்மிங்காம், பிறகு விகன், பிரைட்டன். ஒவ்வொன்றும் ஏணியில் ஒரு படி. கீழே நன்றாக ஆடினால் மேலே இருக்கிறவன் கண்ணில் படும். அணி ஜெயித்தால் அணியே மேலே ஏறும். சறுக்கினாலும் இன்னொரு படியில் கால் வைக்கலாம். அந்த மனிதரின் பொறுமையை மட்டும் எனக்குப் பாடமாகக் காட்டுகிறீர்களே, அவர் காலுக்குக் கீழே இருந்த படிகளை எனக்கு எங்கே வைத்தீர்கள்?

2019 மார்ச்சில் கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் காசு கொடுத்து உட்கார்ந்து பார்த்தேன். சென்னை சிட்டி அணி மினர்வா பஞ்சாபை 3-1 என்று வென்று ஐ லீக் சாம்பியன் ஆனது. அன்றைக்கு இரண்டு கோல் போட்டவர் கௌரவ் போரா, ஒரு ஸ்டாப்பர்! தொண்டை கிழியக் கத்தினேன். ஈஸ்ட் பெங்காலைவிட ஒரே புள்ளி கூடுதல். நாட்டின் சாம்பியன். அதற்கு என்ன பரிசு? அதே வருஷம் ஐ.எஸ்.எல். முதல்தர லீக் ஆனது, ஐ லீக் பின்னால் தள்ளப்பட்டது. ஜெயித்த அணி இருந்த இடத்திலேயே ஒரு படி இறங்கிவிட்டது. ஐ லீகில் ஜெயித்து மேலே போன முதல் அணி என்று பஞ்சாப் வந்தது 2023இல்தான். இடையில் உள்ள வருஷங்கள் எனக்கு 24, 25, 26, 27. அந்த வயதில் நான் எந்தக் கதவைத் தட்டியிருக்க வேண்டும், யாராவது சொல்லுங்கள்.

கதவு இருந்தாலும் ஸ்டாப்பர் இடத்தில் ஆள் இருப்பார். 2014இல் ஐ.எஸ்.எல். தொடங்கியபோது ஒரு அணியில் ஆறு வெளிநாட்டவர் களத்தில் நிற்கலாம். 2017இல் ஐந்தானது, 2021இல்தான் நான்கு. அந்த இடங்களை எங்கே செலவழிப்பார்கள்? நடு முதுகெலும்பில்தான்: ஒரு ஃபார்வர்டு, ஒரு மிட்ஃபீல்டர், இரண்டு ஸ்டாப்பர். 2018இல் சென்னையின் எஃப்.சி. பெங்களூருவில் கோப்பை வென்றதே, நடுவில் நின்றவர்கள் பிரேசிலின் மெய்ல்சனும் போர்ச்சுகலின் செரேனோவும். மெய்ல்சன் இரண்டு ஹெட்டர் கோல் போட்டார். அருமையான ஆட்டக்காரர், குறை சொல்லவில்லை. இந்தியப் பையனை விங் பேக்கில் தள்ளினார்கள்: ஓடு, திரும்பு, மறுபடி ஓடு. நடுவில் நின்று ஆட்டத்தைப் படிக்கிற வேலை எங்களுக்குத் தரப்படவில்லை. பிறகு, “இந்தியாவில் நல்ல ஸ்டாப்பர்களே வருவதில்லை” என்று டி.வி.யில் உட்கார்ந்து பேசுகிறார்கள்.

27 வயதில் இரண்டாம் தர லீகில் ஒரு கிளப் எடுத்தது. எப்படி? அவர்களுடைய வெளிநாட்டு ஸ்டாப்பருக்குத் தொடைத் தசை கிழிந்தது. வேறு ஆள் வாங்கப் பணமில்லை. “அந்த நெட்டையனை நிறுத்து” என்றார் கோச். நின்றேன். அங்கிருந்து 29 முடிந்து முதல்தர கிளப். 2024-25 சீசன்.

அந்த ஒரு சீசனைப் பற்றி நான் பெருமையாகச் சொல்லிக்கொள்ள மாட்டேன். வீடியோ இருக்கிறது, பார்த்துக்கொள்ளுங்கள். ஒன்று மட்டும் சொல்கிறேன். ஜனவரியிலிருந்து என் வலது முழங்காலில் நீர் கோத்திருந்தது. ஸ்கேன் எடுக்கக் கேட்டேன். “பிளே ஆஃப் வாய்ப்பு இருக்கிறது, இரண்டு ஆட்டம் பொறு” என்றார்கள். வலி ஊசி போட்டு இறக்கினார்கள். இரண்டு ஆட்டம் என்றது சீசன் முடிகிறவரை போனது. நானும் மறுக்கவில்லை, ஏனென்றால் பெஞ்சில் உட்கார்ந்தால் என் கதை அங்கேயே முடிந்துவிடும் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். அவர்களுக்குத் தெரியும் என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

சீசன் முடிந்து ஊருக்கு வந்தபோது அப்பா, “மக்கா, இனி கடலுக்குப் போகண்டாமே?” என்று கேட்டார். போகண்டாம் அப்பா என்று சொன்னேன். காலுக்கு ஓய்வு கொடுத்து, புதுச் சீசனுக்கு உடம்பைத் தயார் செய்துகொண்டிருந்தேன். 2025 ஜூலை 11 அன்று செய்தி வந்தது: ஐ.எஸ்.எல். நிறுத்திவைப்பு. 2010இல் போட்ட பதினைந்து வருஷ வணிக ஒப்பந்தம் டிசம்பர் 8இல் முடிகிறதாம். அதற்கு மேல் யார் நடத்துவது, யார் பணம் போடுவது என்று முடிவாகவில்லையாம். பதினைந்து வருஷத்துக்கு முன்பே தேதி எழுதி வைத்த ஒப்பந்தம்! அது முடியப்போகிறது என்பது என்ன திடீரென்று வந்த புயலா? வானிலை அறிக்கை பதினைந்து வருஷமாக ஓடிக்கொண்டிருந்ததே! ஆகஸ்டில் சில கிளப்புகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சம்பளத்தை நிறுத்தின, பயிற்சியை மூடின. செப்டம்பரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, அக்டோபரில் லீகை நடத்த ஆள் கேட்டு டெண்டர். நவம்பரில் பார்த்தால் கேட்டு ஒருவர்கூட வரவில்லை.

மேசையைச் சுற்றி உட்கார்ந்தவர்களுக்கு அது ஒரு பேச்சுவார்த்தை. பத்தொன்பது வயதுப் பையனுக்கு அது ஒரு வீணான வருஷம், அழுதுவிட்டு அடுத்த வருஷம் வருவான். 31 வயது ஸ்டாப்பருக்கு? ஆட்டம் இல்லாமல் ஏழெட்டு மாதம் போனால் கால் வேகம் போகும், அதைச் சமாளிக்கலாம். எந்த நொடியில் அடி எடுத்து வைப்பது என்கிற அந்தக் கணக்கு இருக்கிறதே, அது ஆடிக்கொண்டிருந்தால்தான் நிற்கும். கடற்கரை மணலில் தனியாக ஓடி அதைக் காப்பாற்ற முடியாது. நான் ஓடிப் பார்த்துவிட்டேன்.

இதே சமயத்தில் நாட்டு அணி என்ன ஆனது? அக்டோபர் 14இல் கோவாவில், சொந்த மைதானத்தில், சிங்கப்பூரிடம் 1-2. ஆசியக் கோப்பைக்குப் போகிற வழி அடைந்தது. நவம்பர் 18இல் டாக்காவில் வங்கதேசத்திடம் 0-1. லீகே நடக்காத நாட்டில் ஆட்டக்காரன் எந்த ஆட்டத்தை ஆடிவிட்டு வந்து இறங்குவான்? கோல் போட ஆளில்லை என்று அதே வருஷம் மார்ச்சில், நாட்டு அணியிலிருந்து ஓய்வு பெற்றிருந்த சுனில் சேத்ரியை 40 வயதில் திரும்ப அழைத்தார்கள். வந்தார், ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராகக் கோலும் போட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை, அவர் எங்களுக்குத் தெய்வம். 40 வயது ஃபார்வர்டை அழைக்கத் தெரிந்தவர்களுக்கு 31 வயது ஸ்டாப்பர் மட்டும் எப்படிக் கிழவனானான் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

2026 ஜனவரியில் அறிவித்தார்கள். பிப்ரவரி 14இல் லீக் தொடங்குமாம். பதினான்கு அணி, ஒரே சுற்று, மொத்தம் 91 ஆட்டம். போன சீசனில் அணிக்கு 24 ஆட்டம், இப்போது 13. சுருங்கிய லீகுக்குச் சுருங்கிய பட்ஜெட். பட்ஜெட்டில் முதலில் அடிபடுகிறவன் யார்? வெளிநாட்டவருக்கு ஒப்பந்தம் வலுவானது, ஏஜென்ட் வலுவானவர். சின்னப் பையன் மலிவு. நடுவில் நிற்கிறவன் நான். நன்றி என்று ஒரு வாட்ஸ்அப் போதும்.

“இரண்டு மாதச் சம்பளம் பாக்கி வைத்தால் பதினைந்து நாள் நோட்டீஸ் கொடுத்து நீயே வெளியே வரலாம், ஃபிஃபா விதி இருக்கிறது” என்று ஒரு வக்கீல் நண்பர் சொன்னார். விதி இருக்கிறது. வெளியே வந்து எங்கே போவது? லீகே நின்றுபோயிருந்த நேரத்தில் அந்த விதி எனக்குத் திறந்துவிட்ட வாசல் நடுத்தெருவுக்குத்தான்.

அரசு வேலைக்குப் போகலாமே என்கிறார்கள் சொந்தக்காரர்கள். விளையாட்டு ஒதுக்கீட்டு விண்ணப்பத்தை வாங்கிப் பாருங்கள். மாநிலத்துக்கு ஆடியிருக்க வேண்டும், நாட்டுக்கு ஆடியிருக்க வேண்டும், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியிருக்க வேண்டும், பள்ளி விளையாட்டில் ஆடியிருக்க வேண்டும். நாட்டின் முதல்தர லீகில் கிளப்புக்காக ஆடினேன் என்று எழுத அதில் ஒரு கட்டம்கூட இல்லை! மாநிலங்களுக்கு இடையிலான சந்தோஷ் டிராபியில் தமிழ்நாடு அணிக்கு ஆடியிருந்தால் சான்றிதழ் கிடைத்திருக்கும். அழைப்பு வந்த வருஷம் கிளப் விடவில்லை. “நீ இப்போது ப்ரொஃபெஷனல், அதெல்லாம் எதற்கு?” என்றார்கள். எதற்கு என்று இப்போது தெரிகிறது. நிரந்தரமாக்குவோம் என்ற அந்த அலுவலக அணியையும் இந்தத் தொழிலை நம்பித்தான் விட்டுவிட்டு வந்தேன்.

எனக்கு மட்டும் நடந்தது என்றால் என் தலையெழுத்து என்று விட்டுவிடுவேன். கேரளாவின் கொண்டோட்டிக்காரர் அனஸ் எடத்தொடிகாவைப் பாருங்கள். இளம் வயதில் ஆட்டோ ஓட்டியவர். எங்களைப்போல் தாமதமாக வந்த ஸ்டாப்பர்களுக்கெல்லாம் அவர்தான் அண்ணன். 2017இல் 30 வயதில் கம்போடியாவுக்கு எதிராக இந்தியாவுக்கு முதல் ஆட்டம். அதே வருஷ ஐ.எஸ்.எல். டிராஃப்டில் முதலில் எடுக்கப்பட்டவர் அவர்தான், 1.10 கோடி ரூபாய்க்கு. 2019 ஆசியக் கோப்பையில் பஹ்ரைனுக்கு எதிராக ஆட்டம் தொடங்கிய சில நிமிடங்களில் அடிபட்டு வெளியே போனார்; அந்த ஆட்டம் முடிந்ததும் நாட்டு அணியிலிருந்து ஓய்வு என்று அறிவித்தார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கே சொந்த மாநிலத்தில் அரசு வேலை விண்ணப்பம் தேறவில்லை. ஊர் ஊராகப் பந்தை வெளியே அடித்துக் கோலைக் காப்பாற்றியவருக்கு அது. நான் எம்மாத்திரம்?

கிளப்புக்குக் கடைசியாக ஒன்று. மூன்று மாதச் சம்பளம் பாக்கி. முழங்கால் ஸ்கேனுக்கு நான் கைக்காசு போட்ட பில் உங்கள் மெடிக்கல் ஆபீசரிடம் இருக்கிறது. நன்றி சொல்லிவிட்டீர்கள், ஆனால் ரிலீஸ் லெட்டர் அனுப்பவில்லை. அது இல்லாமல் நான் வேறு கிளப்பில் பதிவு செய்ய முடியாது. ஒப்பந்தத்தில் நீங்கள் போட்ட ஷரத்துப்படி செவன்ஸும் ஆட முடியாது. மலப்புறத்தில் சீசன் நடந்துகொண்டிருக்கிறது. அங்கே யாரும் பிறப்புச் சான்றிதழ் கேட்பதில்லை. ஆட்டம் முடிந்த ராத்திரியே கையில் காசு தருகிறார்கள். லெட்டரை இந்த வாரமே அனுப்புங்கள்.